கழுத்து வழி

என் புருஷனின் இடது முழங்கை அந்தக் கறுப்பு உடுப்பின் கழுத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. வெளியேயும் வரவில்லை, திரும்ப உள்ளேயும் போகவில்லை. கை மடங்கி, விரல்கள் அவருடைய தாடைக்குக் கீழே விறைத்துப்போய் நீட்டிக்கொண்டிருந்தன. நான் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, ரப்பரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது ஒரு சாண் வரும், பிறகு பட்டென்று திரும்பிப் போய் அவர் கழுத்திலேயே அடிக்கும். நாலாவது தடவை அடித்தபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“மெதுவாடீ. கழுத்து அந்துரும்.”

“அந்தா அந்துட்டுப் போவுது. யாரு இத மாட்டச் சொன்னா ஒங்கள?”

சொன்னது நான்தான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. நாங்கள் இருப்பது கடைசி, தொங்கல் காம்பரா. சாப்பாட்டு நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தேன். ஒன்றரைக்கு ஃபெக்டரிச் சங்கு ஊதினால் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மலையில் நிற்க வேண்டும். சோறு சட்டியில் அப்படியே இருந்தது. வெளியே ஐப்பசித் தூறல். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பீலியில் தண்ணீர் வந்திருந்தது. எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. வரவழைத்தவர் என் முன்னால் ரப்பருக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேர் மட்டும் இந்திரஜித். சித்திரையில் பொத்துவிலுக்கு வேலைக்குப் போனவர். கடலோரத்தில் லத்தீப் நானா நடத்தும் விடுதியில் சமையல்கட்டு வேலை. அலையில் பலகை போட்டுச் சறுக்குவதற்கென்று வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். ஆறு மாதம் வெங்காயம் உரித்து, மீன் கழுவி, மிச்ச நேரத்தில் நீந்தப் பழகிக்கொண்டார். சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒருத்தன் தன் பையிலிருந்து இதை எடுத்து இவர் தோளில் போட்டிருக்கிறான். குளிர்நாட்டுக் கடலுக்கு உடுத்துவதாம். பொத்துவில் தண்ணீர் தேத்தண்ணி மாதிரிச் சுடுகிறது, எனக்கு இது எதற்கு, நீ வைத்துக்கொள் என்றானாம். பொத்தான் கிடையாது, சிப் கிடையாது. கழுத்து ஒன்றுதான் வழி. கால், இடுப்பு, கை எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். இவர் அதைச் சுருட்டிக் கருவாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். பசறையில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்ட ஆமிக்காரன் பெட்டியைத் திறந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வந்த நாள் முதல் வீட்டில் நீச்சல் கதைதான். பாயில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்துக் காட்டுவார். “நீச்ச தெரிஞ்சவன் யாரு, தெரியாதவன் யாருன்னு தூரத்துல நின்னே சொல்லிரலாம் புள்ள. தெரியாதவன் கையத் தூக்கித் தூக்கி அடிப்பான், தோளு முங்கிப் போயிரும். தெரிஞ்சவனுக்கு என்னா பண்ணாலும் தோளு முங்காது. காலு தன்னால மிதிச்சுக்கும்.” இந்தத் தோட்டத்திலேயே நீந்தத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பொத்துவிலிலிருந்து அவர் கொண்டுவந்ததில் அந்தப் பெருமைதான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நாலு நாளைக்குப் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பீலி நின்றது. லயத்துக்கு மேலே, ஆறாம் நம்பர் மலையின் அடியில் தண்ணீர் டாங்கி இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டியது. மூடி கிடையாது, இரண்டு ஆள் ஆழம். அடியில் இருக்கும் குழாய் வாயில் இலையும் சேறும் அடைத்துக்கொண்டால் கீழே சொட்டுத் தண்ணீர் வராது. ஓபிசில் போய்ச் சொன்னால் நாளைக்கு ஆள் அனுப்புகிறோம் என்பார்கள். அந்த நாளை நாலு நாளாகியும் வரவில்லை. ஓடையிலிருந்து குடம் சுமந்து எனக்கு இடுப்புக் கழன்று போயிருந்தது. முந்தின நாள் பின்னேரம் நான் ஈரப் பாவாடையோடு மூன்றாவது குடத்தை இறக்கி வைக்கிறேன், இவர் பாயில் படுத்துக் கையை அடிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாயில நீச்சலடிச்சது போதும். அம்புட்டுப் பெரிய சூரன்னா டாங்கில எறங்கி அந்தக் குப்பைய எடுங்க பாப்போம். வந்துட்டாரு, நாறக் கருவாட்டு உடுப்ப வச்சிக்கிட்டு!”

அவ்வளவுதான் சொன்னேன். காலையில் நாங்கள் எல்லாம் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலைக்கு ஏறிய பிறகு, காலில் சொப்பிங் பேக்கை மாட்டி வழுக்கவிட்டு, அந்த உடுப்புக்குள் தன்னந்தனியாகப் புகுந்து, மேலே ஒரு பழைய சாரத்தைச் சுற்றிக்கொண்டு டாங்கிக்குப் போயிருக்கிறார். ஏழு தடவை முங்கினாராம். இலையும் சேறும் செத்த எலியும் எடுத்தாராம். நான் பகலைக்கு வந்து கதவைத் திறந்தபோது, அடுப்படி மூலையில் கறுப்பாக ஒரு உருவம் குந்தியிருந்தது. தண்ணீரில் கிடந்து விறைத்த விரலால் எதையும் பிடித்து இழுக்க முடியவில்லை என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இப்போதும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கும்.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா. நான் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்தேன்.

“ஏ துஷாந்தி, ஜீப்பு வந்திருக்குடி. பொலிசு. டாங்கில கறுப்பு உடுப்புப் போட்ட ஒருத்தன் எறங்கி வெசம் கலந்தானாம். ரோட்டுல போன யாரோ பாத்துச் சொல்லியிருக்காங்க. டாக்டரய்யாவக் கூட்டிக்கிட்டு மேல் லயத்துலருந்து காம்பரா காம்பராவா சோதிச்சுக்கிட்டு வாராங்க. தண்ணியக் குடிக்காத, என்னா?”

“சரிக்கா.”

“இந்திரஜித் எங்க?”

“தூங்குறாரு. காச்ச.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

உள்ளதைச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். டாங்கியில் இறங்கினேன், குப்பையை எடுத்தேன், போய்ப் பீலியைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அது இரண்டாயிரத்து எட்டு. வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் அடுத்த தோட்டத்துப் பையன் ஒருவன் கோயிலில் லைட் போடுவதற்கு வயரும் பேட்டரியும் பையில் வைத்துக்கொண்டு போனான். பஸ்ஸிலேயே இறக்கிவிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்து வந்தான். வந்தவன் இன்றைக்கு வரைக்கும் வாயைத் திறந்து பேசுவதில்லை. அவனிடம் இருந்தது வயர். இவரிடம் இருப்பது தண்ணீருக்கடியில் போகிறவர்கள் போடும் உடுப்பு. போதாததற்கு ஆறு மாதம் கிழக்குக் கரையில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். தமிழன், கறுப்பு உடுப்பு, கடல், நீச்சல். இதில் எந்த இடத்தில் போய்ச் செத்த எலியைப் பற்றிச் சொல்வது?

“கழட்டு” என்றார். “சீக்கிரம் கழட்டு புள்ள.”

அவரைத் தரையில் உட்கார வைத்துத் தோளில் என் காலை முட்டுக் கொடுத்து இழுத்தேன். முழங்கை இன்னும் இறுகியது. இப்போது கை அவருடைய நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. இவர் மூச்சுவிட நெஞ்சு விரியும், ரப்பர் விடாது. “முட்டுது, முட்டுது” என்றார். தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து விளிம்பு முழுக்க ஊற்றினேன். எண்ணெய் பட்டதும் என் கை வழுக்கியதே தவிர உடுப்பு அசையவில்லை. மேல் லயத்தில் நாய்கள் குரைக்கத் தொடங்கின. ஒரு கதவு, இன்னொரு கதவு. அந்த லயத்தில் எட்டுக் காம்பராதான். பிறகு நடுவில் படிக்கட்டு, படி இறங்கினால் தொங்கலில் இருக்கிற எங்கள் கதவுதான் முதலில்.

சுவரில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். தேயிலைச் செடியின் வாதை ஒரே வெட்டில் தறிக்கிற கத்தி. அதன் நுனியை அவர் கழுத்துக்கும் ரப்பருக்கும் நடுவில் விடப் பார்த்தேன். நடுவில் இடமே இல்லை. நகம் போகாத இடத்தில் கத்தி எப்படிப் போகும்? அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வெட்டாத. கை நடுங்குது ஒனக்கு.”

“நடுங்கத்தான் செய்யும். பின்ன ஆடவா செய்யும்?”

“கத்திய வையி.”

அவர் குரல் உடைந்து போயிருந்தது. ஆறு மாதம் கடலுக்குப் பயப்படாத ஆள், எங்கள் காம்பராவின் சிமெந்துத் தரையில் பச்சைப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாய்க்கு வந்தபடி ஏசினேன். கத்தியை வைத்துவிட்டு அவர் கன்னத்தைப் பிடித்து உலுக்கினேன்.

“அந்த வெள்ளக்காரன் எப்புடிக் கழட்டுனான்? யோசிங்க. நீங்க பாத்தீங்கதானே? மொதல்ல எதக் கழட்டுனான்?”

அவர் கண்ணை மூடினார். மேல் லயத்தில் இன்னொரு கதவு சாத்தியது.

“தல” என்றார். “மொதல்ல தல. உள்ளுக்கு இன்னொரு கழுத்து இருக்கு. அதத் தலைக்கு மேல உருவிட்டுத்தான் தோளு. நாம கையில ஆரம்பிச்சிட்டோம்.”

அட கடவுளே. இருபது நிமிஷம் பிழையான முனையில் நின்று சண்டை போட்டிருக்கிறோம். கையை முதலில் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். முழங்கையை எண்ணெயோடு சேர்த்து அமுக்கினேன். எலும்பு கரகரத்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார், சத்தம் போடவில்லை. கை உள்ளே போனது. விளிம்புக்கு உள்ளே விரலை விட்டுத் தடவினேன். அவர் சொன்னது போல மெல்லிய இரண்டாவது கழுத்து ஒன்று இருந்தது. அதை நாடியிலிருந்து மேலே தூக்கினேன். வாய் மறைந்தது, மூக்கு மறைந்தது. ஒரு கணம் என் புருஷனுக்கு முகமே இல்லை, கறுப்பு ரப்பருக்குள் மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். மயிர் பிய்ந்துகொண்டு தலை வெளியே வந்தது. அதற்குப் பிறகு வலது தோள், இடது தோள். நெஞ்சுக்குக் கீழே முயல் உரிக்கிற மாதிரி உள்புறம் வெளியாகப் புரண்டு வந்தது. காலைப் பிடித்து நான் இழுக்க, அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொள்ள, கடைசியில் நான் மல்லாக்க விழுந்தேன். உடுப்பு என் மேல் கிடந்தது. உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

அவருக்குச் சாரத்தையும் பழைய சேட்டையும் எறிந்தேன். தரையைப் பழந்துணியால் துடைத்தேன். சரி, உடுப்பை எங்கே வைப்பது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஒரு கட்டில், ஒரு பெட்டி, அடுப்படி, விறகு. அவர்கள் முதலில் கிளறுவது விறகைத்தான். கருவாட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றால், பொலிஸ்காரன் எல்லாரும் பசறை ஆமிக்காரன் மாதிரி மூக்குக்குப் பயந்தவனாக இருப்பான் என்று என்ன நிச்சயம்? கையில் அதைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றினேன். ஆணியில் என் படங்கு தொங்கியது. கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி கீறாமல், பாவாடை நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கட்டும் தடித்த சாக்கு. எங்கள் இடுப்பில் அது இல்லாத நாள் கிடையாது. அதை யாரும் நின்று பார்த்ததும் கிடையாது.

உடுப்பை இடுப்பில் சுற்றினேன். அதன் இரண்டு கைகளையும் வயிற்றில் இழுத்து முடிச்சுப் போட்டேன். கால்களை மேலே மடித்துச் செருகினேன். அதற்கு மேல் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கினேன். இடுப்பு மரத்துப்போகிற குளிர். அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி, இரண்டு மணிக்கட்டையும் சுற்றி, கணுக்காலைச் சுற்றிச் செக்கச் சிவந்த வளையங்கள். கயிற்றால் கட்டி வைத்து அவிழ்த்துவிட்ட மாதிரி. அதை எந்தப் பெட்டியில் மறைப்பது?

கதவு தட்டப்பட்டது.

பொலிஸ் சார்ஜன் ஒருவர், பொலிஸ்காரர் இருவர், பின்னால் குடையோடு குமாரசிங்கம் டாக்டரய்யா. தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினைந்து வருஷமாக மருந்து கொடுப்பவர். யாழ்ப்பாணத்து மனுஷன். எங்களோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் என்பதால் பொலிஸ் வரும்போதெல்லாம் அவரைத்தான் பிடித்து வருவார்கள். வடக்கு ஆள் என்பதால் அவரே மாதா மாதம் பொலிசில் போய்ப் பதிந்துவிட்டு வரவேண்டிய ஆள்.

விறகைக் கிளறினார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள். கட்டிலுக்கடியில் டோர்ச் அடித்தார்கள். கருவாட்டுப் பெட்டியை ஒருத்தன் அடிவரைக்கும் கையை விட்டுக் கிண்டினான், மூக்கைப் பொத்தவே இல்லை. நான் சுவரோரம் நின்றேன். என் படங்கின் ஓரத்திலிருந்து சொட்டு விழுந்தது. ஒன்று. பிறகு இன்னொன்று. துடைத்த தரையில் என் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் சின்னதாகத் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. அதை முதலில் கண்டவர் டாக்டரய்யா. தரையைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் இரண்டு எட்டு வைத்து வந்து, மழையில் நனைந்த தன் குடையை மடக்கி என் காலுக்குப் பக்கத்தில், அந்தத் தண்ணீரின் மேலேயே, சுவரில் சாய்த்து வைத்தார். குடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அதோடு சேர்ந்து ஓடியது.

சார்ஜன் இவருடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கழுத்தை விரலால் காட்டினார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். எங்களுக்கும் சிங்களம் ஓரளவு புரியும். இவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டரய்யா குறுக்கே விழுந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். சொறி என்றார், நேற்று நான்தான் பார்த்தேன் என்றார், தொட்டால் தொற்றும் என்றார். சார்ஜன் அடையாள அட்டையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். டாக்டரய்யா இவர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நேற்று நான் தந்த மருந்து பூசினனீரோ?”

இவர் டிஸ்பென்சரி வாசலை மிதித்து ஒரு வருஷம் இருக்கும்.

“பூசுனேங்க ஐயா.”

“விடாமப் பூசும்.”

வெளியே போகத் திரும்பிய சார்ஜன் வாசலில் நின்றார். கருவாட்டுப் பெட்டியைக் காட்டி, இது எங்கிருந்து, எங்கே வேலை செய்தாய் என்றார். இவர் உள்ளதைச் சொன்னார், பொத்துவில், விடுதி, சமையல்கட்டு. சார்ஜன் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு வெகு சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி, நீந்தத் தெரியுமா என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். இந்தத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஆறு நாளாகப் பாயில் படுத்துப் பீற்றிய மனுஷன். அவர் தொண்டை ஏறி இறங்கியது. அந்தச் சிவப்பு வளையமும் அதோடு ஏறி இறங்கியது.

“தெரியாது சேர்” என்றார்.

சார்ஜன் தலையை ஆட்டினார். டாங்கியின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும், எங்கள் ஆட்களுக்கும் நீந்தத் தெரியாது, ஜீப்பில் கயிறு இருக்கிறது, இளம் உடம்புதானே, நீ வா என்றார். நீந்தத் தெரியாதவன்தான் நல்லது, கயிற்றை விடமாட்டான் என்று சொல்லிச் சிரித்தார். அது சும்மா சிரித்ததா, ஆழம் பார்த்துச் சிரித்ததா, எனக்குப் புரியவில்லை.

சங்கு ஊதியது. நான் அசையவில்லை. அந்த இடத்தில் விழுந்து காலைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. டாக்டரய்யா குடையை எடுத்தார்.

“பிள்ளை, சங்கு ஊதியாச்செல்லே. நீர் மலைக்கு வெளிக்கிடும். நிக்காதையும்.”

நின்றால் சொட்டும். அதைத்தான் சொல்கிறார். புருஷனை அவர்கள் நடுவில் விட்டுவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படியேறிப் போனேன். உலகத்தில் எந்தப் பெண்ணும் அப்படிப் போகக்கூடாது. முழங்கால் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாதையில், ஜீப்புக்குக் காவல் நின்ற பொலிஸ்காரன் வழிவிட்டு ஒதுங்கினான். தூறலில் நனைந்த கொழுந்துக்காரி, அவ்வளவுதான் அவனுக்கு.

காலையில் வேறு மலையில் எடுத்த எங்களை இப்போது ஆறாம் நம்பர் மலையில் விட்டிருந்தார்கள். என் நிரை கீழ்க்கோடியில். நிமிர்ந்து பார்த்தால் கீழே டாங்கி கண்ணுக்கு நேரே தெரியும். பேசுவது கேட்காது, ஆட்களை அடையாளம் காணலாம். அடுத்த நிரையில் மாரியாயி அக்கா. நான் குனிந்தபோது முடிச்சு நழுவியிருக்க வேண்டும். உடுப்பின் ஒரு கை படங்குக்கு வெளியே வந்து தொடை மேல் கறுப்பாகத் தொங்கியது. அக்கா அதைப் பார்த்தாள். டாங்கியைப் பார்த்தாள். கொழுந்து எடுக்கிற கையை நிறுத்தாமல் ஓரெட்டு நெருங்கி வந்து, இன்னொரு கையால் அதைச் சுருட்டி என் படங்குக்குள் செருகினாள்.

“கங்காணி பாக்குறாரு. குனிஞ்சு எடு” என்றாள். அவ்வளவுதான்.

கீழே இவர் சேட்டைக் கழற்றுவது தெரிந்தது. இடுப்பில் கயிறு கட்டினார்கள். காலையில் ஏழு தடவை முங்கி எழுந்த தண்ணீர்தான். ஆனால் அப்போது குளிரைத் தாங்கிய உடுப்பை இப்போது நான் கட்டிக்கொண்டு நிற்கிறேன். என் உடம்பு வெப்பத்தில் ரப்பர் மெல்லக் கதகதவென்று ஆகியிருந்தது, அவர் வெறும் உடம்போடு டாங்கி விளிம்பில் நின்றார். அந்தக் கதகதப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இடுப்பு, நெஞ்சு. சார்ஜன் கையைக் கீழே கீழே என்று காட்டினார். இவர் பிடியை விட்டார்.

கையைத் தூக்கி அடிக்கத் தொடங்கினார். பாயில் எனக்குக் காட்டிய அதே அடி. தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. வாயைப் பிளந்தார், தலையை ஆட்டினார், நன்றாகத்தான் செய்தார். விளிம்பில் நின்ற இரண்டு பொலிஸ்காரர்களும் சிரிப்பது தெரிந்தது. சார்ஜன் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தோள் முங்கவில்லை.

கை எவ்வளவு அடித்தாலும் இரண்டு தோளும் தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றன. காலுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. தானாக மிதித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிகிறது. இங்கிருந்து எனக்கே தெரிகிறது என்றால், அங்கே குனிந்து நிற்கிற அந்த ஆளுக்கு?

“முங்குங்க” என்றேன். வாய் தன்னால் சொன்னது. “கொஞ்சம் முங்குங்களேன். சாமீ, முங்குங்க.”

மாரியாயி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டின புருஷன் தண்ணீரில் அமிழ வேண்டும் என்று மலையில் நின்று வேண்டிக்கொள்கிறவளை அவள் எங்கே பார்த்திருப்பாள்? நான் இன்னும் ஒரு தடவை சொன்னேன். அது அவருக்குக் கேட்டிருக்க முடியாது.

வலது தோள் முங்கியது. பிறகு இடது தோள். அடித்துக்கொண்டிருந்த கைகள் ஒரு கணம் மேலே நின்று, அவையும் போயின. தெறித்த தண்ணீர் அடங்கியது. டாக்டரய்யா ஓடி வந்து விளிம்பில் மண்டியிட்டு, மடக்கிய குடையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்தார். கயிற்றைப் பிடித்திருந்த பொலிஸ்காரன் சார்ஜனைப் பார்த்தான். இழு என்று சார்ஜன் கையைக் காட்டவில்லை.

நான் பறித்த கொழுந்து கூடைக்குப் போகாமல் கையிலேயே இருந்தது. கீழே, தூறல் விழுந்துகொண்டிருந்த தண்ணீரின் நடுவில் கயிறு நேராக இறங்கியிருந்தது.